பாரம் ஏற்றுமுன் சோதனை

சென்ற மாதம் நெசவாளர் சங்கமொன்றில் நூல் இருப்பைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அடுக்கி வைத்த சிப்பங்களை மறுபடியும் இறக்கி எடை போடச் சொன்னது அங்கிருந்த மூத்த அங்கத்தினர் ஒருவருக்கு மனவருத்தத்தை அளித்தது. "ஐயா, நாங்கள் எல்லோரும் ஒரே தெருவில் பிறந்து வளர்ந்தவர்கள். எங்கள் காரியதரிசி கைசுத்தமானவர். அவர் எழுதி வைத்த கணக்கு இருக்க, மறுபடியும் நிறுத்துப் பார்ப்பது அவரை அவமதிப்பது ஆகாதா?" என்று கேட்டார்.

கேள்வி நியாயமானதே. அன்று அவருக்குச் சுருக்கமாக விடை கூறினேன். விரிவான விடையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டனில் இருப்புப் பாதை வளர்ந்த வரலாற்றிலிருந்து எடுத்துரைக்க விரும்புகிறேன். அந்நாட்டார் இரும்பை நம்பினார்கள். அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்கவும் கற்றுக்கொண்டார்கள். அக்கல்விக்கு அவர்கள் கொடுத்த விலை சிறிதன்று.

ரெயின்ஹில் பரீட்சை

லிவர்பூல் ஒரு துறைமுகப் பட்டினம். அமெரிக்காவிலிருந்து வந்த பஞ்சுப் பொதிகள் அங்கே இறங்கின. அப்பஞ்சை நூற்ற ஆலைகள் முப்பது மைல் தொலைவில் மான்செஸ்டரில் இருந்தன. இடைவழி குறுகியதாயினும் கால்வாய்ப் படகுகள் தாமதித்தன. கால்வாய்க்காரர் கேட்ட கூலியும் மிகுதி. ஆகவே வணிகரும் ஆலையதிபரும் கூடி இருப்புப் பாதை ஒன்றை அமைக்கத் தலைப்பட்டனர்.

பாதை உருவாகி வருகையில், வண்டிகளை இழுப்பது எது என்பதில் கருத்து வேற்றுமை எழுந்தது. வழிநெடுக நிலையான நீராவி யந்திரங்களை நிறுத்திக் கயிற்றால் இழுக்கலாம் என்றனர் ஒரு சாரார். ஓடும் யந்திரமே ஏற்றது என்றார் பாதையின் பொறியாளரான ஜார்ஜ் ஸ்டீஃபென்சன். இவர் 1825-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ஸ்டாக்டன்–டார்லிங்டன் பாதையை அமைத்துப் பெயர் பெற்றவர். ஆயினும், பெயர் பெற்றவர் கூறினார் என்பதற்காகவே இயக்குநர்கள் பங்குதாரர் பணத்தைச் செலவிட்டுவிடவில்லை. 500 பவுன் பரிசு அறிவித்து, 1829 அக்டோபரில் ரெயின்ஹில் என்னுமிடத்தில் வெளிப்படையான பரீட்சை ஒன்றை நடத்தினார்கள்.

நிபந்தனைகள் முன்னரே அச்சிட்டு வெளியிடப்பட்டன. யந்திரத்தின் எடை 6 டன்னுக்கு மேற்படலாகாது. தன் எடையைப்போல் மூன்று மடங்கு பாரத்தை மணிக்கு 10 மைல் வேகத்தில் இழுக்கவேண்டும். நீராவியின் அழுத்தம் சதுர அங்குலத்திற்கு 50 ராத்தலைத் தாண்டலாகாது. விலை 550 பவுனுக்கு மேற்படலாகாது. நடுவர் மூவருள் ஒருவரான ஜான் கென்னடி, மான்செஸ்டர் நூலாலை அதிபர். சிறிது தூரம் ஓடிக் காட்டுவது போதாது. அக்களத்திலேயே முன்னும் பின்னும் பலமுறை ஓடி, இரு நகரங்களுக்கும் இடைப்பட்ட தூரத்திற்கு ஈடாகப் பாரத்துடன் உழைத்துக் காட்டவேண்டும்.

கூடியிருந்த மக்களின் உள்ளத்தைக் கவர்ந்தது 'நாவல்டி' என்ற அழகிய யந்திரம். அது இலேசாகவும் விரைவாகவும் ஓடிற்று. ஆனால் தொடர்ந்து உழைக்கும்போது பழுதுற்று நின்றது. 'சான்ஸ் பரேல்' என்ற யந்திரமும் பாதியில் ஓய்ந்தது. ஸ்டீஃபென்சனும் அவர் மகன் ராபர்ட்டும் அமைத்த 'ராக்கெட்' ஒன்றே பரீட்சை முழுவதையும் நிறைவேற்றியது.

அதன் சிறப்பு கொதிகலத்தில் இருந்தது. ஒரே பெரிய குழாய்க்குப் பதிலாக 25 சிறு செப்புக் குழாய்கள் நீரினூடே சென்றன. அவற்றின் வழியே அடுப்பின் வெப்பம் பாய்ந்தது. கரும்புச் சாறு காய்ச்சுவோர் அகன்ற கொப்பரையைக் கொள்வது எதற்காக? வெப்பம் படும் பரப்பு மிகுந்தால் சாறு விரைவில் கொதிக்கும் என்பதற்காகவே. அதே உண்மைதான் இங்கும் பயன்பட்டது. இந்த யோசனையைக் கூறியவர் பொறியாளர் அல்லர். கம்பெனியின் காரியதரிசியான ஹென்றி பூத் என்பவர். 1830 செப்டம்பரில் பாதை திறக்கப்பட்டது.

டீ ஆற்றுப் பாலம்

பாதைகள் பெருகவே பாலங்களும் பெருகின. செஸ்டர் நகரருகே டீ என்னும் ஆற்றின்மேல் ராபர்ட் ஸ்டீஃபென்சன் ஒரு பாலம் அமைத்தார். அதன் மூன்று கண்களும் ஒவ்வொன்றும் 98 அடி நீளமுள்ளவை. வார்ப்பிரும்பு உத்தரங்களைத் தேனிரும்புச் சட்டங்களால் இறுக்கி, அவற்றின்மேல் பாதையை அமைத்திருந்தார்கள். 1847 மே 24-ஆம் தேதி மாலை, வண்டித்தொடர் ஒன்று கடந்துகொண்டிருக்கும்போது ஓர் உத்தரம் முறிந்தது. யந்திரம் கரையேறிவிட்டது, பின்வந்த வண்டிகள் ஆற்றில் வீழ்ந்தன. ஐவர் உயிரிழந்தனர்.

காரணத்தை அறியப் பச்சை மூங்கில் பிளாச்சு ஒன்றை வளைத்துப் பாருங்கள். உட்புறம் நசுங்கும், வெளிப்புறம் இழுபடும். உத்தரத்தின்மேல் பாரம் ஏறும்போதும் மேற்பாகம் நசுக்கப்படுகிறது, அடிப்பாகம் இழுக்கப்படுகிறது. வார்ப்பிரும்பு நசுக்கலை நன்கு தாங்கும். இழுப்பைத் தாங்காது, முன்னறிவிப்பின்றி முறியும். தேனிரும்பு இழுப்பையும் தாங்கும். முறியுமுன் வளைந்து எச்சரிக்கும். அவ்விரும்புச் சட்டங்கள் உத்தரத்திற்குத் துணை செய்யும் என்று கருதியிருந்தார்கள். கருதிய அளவு துணை கிட்டவில்லை. விபத்து நேர்ந்த அன்று, மரத்தளத்தைத் தணலிலிருந்து காக்கும்பொருட்டுக் கருங்கல் சல்லியும் புதிதாகப் பரப்பப்பட்டுக் கூடுதல் பாரம் ஏறியிருந்தது.

இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் கூறவேண்டும். 1840-ஆம் ஆண்டுச் சட்டப்படி பிரிட்டிஷ் அரசாங்கம் இருப்புப் பாதை ஆய்வாளர்களை நியமித்திருந்தது. 1842-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஆபத்துள்ள பாதையின் திறப்பைத் தள்ளிவைக்கவும் அதிகாரம் உண்டாயிற்று. டீ ஆற்றுப் பாலத்தையும் ஓர் ஆய்வாளர் பார்வையிட்டு ஒப்புதல் அளித்திருந்தார். ஆகவே ஆய்வாளர் கையொப்பமும் தவறாமை உடையதன்று. இதை ஓர் ஆய்வாளனாகிய நானே எழுதுகிறேன்.

ஒருமுறை தாங்குவதும் பன்முறை தாங்குவதும்

பாலத்தை அமைத்தவர் நாடறிந்த பொறியாளர். ஆயினும் விசாரணை அவருக்காகத் தயங்கவில்லை. இருப்புப் பாதைகளில் இரும்பைப் பயன்படுத்துவது பற்றி ஆராய அரசாங்கக் கமிஷன் ஒன்று நியமிக்கப்பட்டு, 1849-இல் தன் அறிக்கையை வெளியிட்டது. கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ராபர்ட் வில்லிஸ், இரும்பின் வலிமையை ஆராய்ந்த ஈட்டன் ஹாட்கின்சன் முதலியோர் அதில் இடம் பெற்றனர்.

அவர்கள் கண்ட உண்மைகளுள் இரண்டு நம் கவனத்திற்கு உரியவை. அசையாது நிற்கும் பாரத்தைவிட ஓடும் பாரம் சட்டத்தை மிகுதியாக வளைக்கக்கூடும் என்பது ஒன்று. மற்றொன்று இன்னும் வியப்பானது. முறியும் நிலைக்குச் சட்டம் எவ்வளவு வளையுமோ அதில் பாதியளவு மட்டும் வார்ப்பிரும்புச் சட்டங்களை வளைத்து விட்டார்கள். ஒருமுறை வளைத்தபோது ஊறு தெரியவில்லை. மீண்டும் மீண்டும் வளைத்தபோது, 900 முறைக்குள்ளாகவே அவை முறிந்தன. மூன்றில் ஒரு பங்கு அளவே வளைத்தபோது அவ்வாறு நேரவில்லை. கையால் இழுத்தால் அறாத பாவு நூல், விழுது பலமுறை ஏறி இறங்கியபின் அறுந்துபோவதை நெசவாளர் நன்கறிவர். நேற்றுத் தாங்கிற்று என்பது நாளையும் தாங்கும் என்பதற்குச் சான்றாகாது.

ஆகவே, வார்ப்பிரும்புப் பாலத்தை முறிக்கக்கூடிய பாரத்தில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் அதன்மேல் ஏற்றலாகாது என்று கமிஷன் பரிந்துரை செய்தது. 60 டன்னில் முறியக்கூடிய உத்தரத்தின்மேல் 10 டன்னே செல்லலாம். எஞ்சியிருக்கும் ஐந்து பங்கு வீண் என்று நினைப்பது பிழை. நாம் அறியாத குறைகளுக்காக ஒதுக்கிய சேமநிதி அது.

அதே காலத்தில் ராபர்ட் ஸ்டீஃபென்சன் மெனாய் நீரிணையின்மேல் பிரிட்டானியா பாலத்தை அமைத்துக்கொண்டிருந்தார். அதன் பெருங்கண்கள் இரண்டும் 460 அடி நீளம் கொண்டவை. அவ்வளவு நீளத்தில் பாதை செல்லக்கூடிய பெட்டி போன்ற இரும்புக் குழாயை அதுவரை ஒருவரும் செய்ததில்லை. வில்லியம் ஃபேர்பேர்ன் என்பவர் ஹாட்கின்சன் துணையுடன் சிறு குழாய்கள் பலவற்றைச் செய்து, முறியும்வரை பாரமேற்றிப் பார்த்தார். பின்னர் ஆறில் ஒரு பங்கு அளவில் மாதிரி ஒன்றைச் செய்தும் சோதித்தார். தேனிரும்புத் தகடாலான குழாயில் மேற்புறமே முதலில் மடங்குவதைக் கண்டு, அப்பகுதியைச் சிற்றறைகளாக அமைத்து வலுப்படுத்தினார்கள். 1850-இல் திறக்கப்பட்ட அப்பாலத்தின் குழாய்கள் 1970-ஆம் ஆண்டுத் தீ விபத்து வரை ரயிலைத் தாங்கி நின்றன.

கணக்கின் வலிமை

சோதனை இரும்புக்கு மட்டும் வேண்டுவதன்று. 1846-ஆம் ஆண்டில் மட்டும் புதிய இருப்புப் பாதைகளுக்காக 250-க்கு மேற்பட்ட சட்டங்கள் பார்லிமெண்டில் நிறைவேறின. பங்கு வாங்காதவர் அறிவிலி என்று எண்ணப்பட்ட காலம் அது. யார்க் நகரில் துணி வியாபாரியாக இருந்த ஜார்ஜ் ஹட்சன் பல கம்பெனிகளுக்குத் தலைவராகி 'ரயில்வே அரசர்' எனப் பெயர் பெற்றார். அவர் கம்பெனிகள் தாராளமாக இலாப ஈவு வழங்கின. வாங்கியவர் கணக்குக் கேட்கவில்லை. 1849-இல் பங்குதாரர் குழுக்கள் புத்தகங்களைத் திறந்து ஆராய்ந்தபோது, இலாபத்திலிருந்து கொடுக்கவேண்டிய ஈவை மூலதனத்திலிருந்து கொடுத்து வந்தது வெளியாயிற்று. விதைநெல்லை அளந்து கொடுத்து விளைச்சல் என்று கூறியதற்கு இது ஒப்பாகும்.

அதே ஆண்டுகளில், மான்செஸ்டருக்கு வடக்கே உள்ள ராச்டேல் என்னும் ஊரில் நெசவாளர் முதலிய எளியோர் சிலர் சேர்ந்து, 1844 டிசம்பரில் ஒரு கடை திறந்தனர் என்பதை அங்கத்தினர்கள் அறிவார்கள். அவர்கள் முதல் மிகச் சிறிது. ஆனால் கணக்கு அங்கத்தினர் முன் வைக்கப்பட்டது. உண்மையாக மிஞ்சியதே பங்கிடப்பட்டது. ஹட்சன் 1849-இல் தலைமைப் பதவிகளை இழந்தார். ராச்டேல் கடையின் வழியோ உலகெங்கும் கூட்டுறவாளர்க்கு வழியாயிற்று.

மெழுகால் மறைத்த குறை

கற்ற பாடம் மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்காட்லாந்தின் டே ஆற்றுப் பாலம் சான்று. ஏறக்குறைய இரண்டு மைல் நீளமுள்ள அப்பாலத்தை அமைத்தவர் தாமஸ் பௌச். 1878-இல் திறக்கப்பட்ட அது, 1879 டிசம்பர் 28-ஆம் தேதி இரவுப் புயலில் நடுப்பகுதி முழுவதும் சரிந்தது. அப்போது அதன்மேல் சென்ற வண்டித்தொடரில் இருந்தோர் ஒருவரும் பிழைக்கவில்லை.

விசாரணையில் மூன்று செய்திகள் வெளிவந்தன. காற்றின் வேகத்திற்கெனப் பொறியாளர் தனியே கணக்கிட்டு இடம்விடவில்லை. வார்ப்படசாலையில், தூண்களில் விழுந்த துளைகளை மெழுகும் இரும்புப் பொடியும் கலந்த பசையால் அடைத்துப் பார்வைக்கு நேர்த்தியாக்கியிருந்தார்கள். பாலத்தைக் கண்காணித்தவர், கட்டுச் சட்டங்கள் தளர்ந்து ஆடுவதைக் கண்டும் இரும்புத் துண்டுகளைச் செருகிச் சரிசெய்தாரேயன்றிப் பொறியாளருக்கு அறிவிக்கவில்லை. அவர் கெட்ட எண்ணத்துடன் செய்தார் என்று சொல்வதற்கில்லை. குறையைக் கண்டால் மேலே தெரிவிக்கவேண்டும் என்பதை மறந்து, ஓசை அடங்கினால் போதும் என்று இருந்துவிட்டார்.

இவ்விசாரணை முடிவுகள் அச்சாகி யாவரும் படிக்க வெளிவந்தன. ஃபோர்த் கழிமுகத்தின்மேல் பாலம் கட்டப் பௌச் வகுத்திருந்த திட்டம் கைவிடப்பட்டது. அங்கே ஃபவுலர், பேக்கர் என்னும் இருவர், சதுர அடிக்கு 56 ராத்தல் காற்றழுத்தத்தைத் தாங்குமாறு கணக்கிட்டு எஃகுப் பாலம் எழுப்பினர். 1890-இல் திறக்கப்பட்ட அப்பாலத்தில் இன்றும் ரயில்கள் ஓடுகின்றன.

மூத்த அங்கத்தினர் கேட்ட கேள்விக்கு இப்போது வருவோம். காரியதரிசி கைசுத்தமானவர் என்பதை நானும் நம்புகிறேன். ராபர்ட் ஸ்டீஃபென்சனும் நேர்மையானவரே. ஆயினும் அவர் பாலம் முறிந்தது. எடை போடுவது மனிதரின் குணத்தை அளப்பதற்கன்று. சிப்பத்தில் உள்ள நூலை அளப்பதற்கே. அன்று அச்சங்கத்தில் எண்ணிக்கை சரியாக இருந்தும் எடையில் சிறிது குறைவு தெரிந்தது. ஈரப் பருவத்தில் வாங்கிய நூல் உலர்ந்ததே காரணம் என்று ஆராய்ந்து அறிந்து, குறிப்பேட்டில் எழுதிக் கையொப்பமிட்டோம். எழுதாமல் விட்டிருந்தால், பின்னொரு நாள் அக்குறைவு அந்த நல்லவர் தலையில் விழுந்திருக்கும்.

ஆகையால் அங்கத்தினர்களே, மகாசபையில் தணிக்கை அறிக்கையைப் படிக்கும்போது எழுந்து போய்விடாதீர்கள். அதில் குறை சொல்லியிருந்தால் காரணம் கேளுங்கள். குறையே சொல்லவில்லையெனில், எவற்றையெல்லாம் எண்ணியும் நிறுத்தும் பார்த்தார்கள் என்று கேளுங்கள். ஆய்வாளன் என்னைக் கேட்பதற்கும் உங்களுக்கு உரிமை உண்டு.