உங்களுக்குத் தெரியுமா? மிதித்ததும் திணறும் பழைய டிரக்
பழைய அமெரிக்க பிக்கப் டிரக்கில் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதித்ததும் எஞ்சின் ஒரு கணம் திணறுகிறதா? பலரும் ஐடில் ஸ்க்ரூவைத்தான் திருகிக்கொண்டிருப்பார்கள். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது கார்புரேட்டரின் ஆக்சிலரேட்டர் பம்பை. திராட்டில் திறந்ததும் காற்று உடனே பாய்ந்துவிடும். கனமான பெட்ரோல் பின்தங்கும். அந்தக் குறையை ஈடுகட்டப் பெட்ரோலைப் பீய்ச்சுவதே இந்தக் குட்டிப் பம்பின் வேலை.

எஞ்சினை அணைத்து, ஆறவிட்டு, ஏர் ஃபில்டரைக் கழற்றுங்கள். திராட்டிலைக் கையால் திறந்தபடி உள்ளே பாருங்கள்: திராட்டில் லிவர் அசைந்த அதே நொடியில் பெட்ரோல் தாரை விழ வேண்டும். தாமதமானால் பம்பின் இணைப்பில் தளர்ச்சி இருக்கலாம். வரவே இல்லையென்றால் டயஃப்ரம் கிழிந்திருக்கலாம், பெட்ரோல் பீய்ச்சும் துவாரம் அடைபட்டிருக்கலாம். ஹோலி நிறுவனக் கார்புரேட்டரில், திராட்டில் முழுதாகத் திறந்த நிலையிலும் பம்ப் லிவர் மேலும் 0.015 அங்குலம் அழுந்த இடம் இருக்க வேண்டும்.