அட்டவணையா, சமன்பாடா?

கொதிகலன் கணக்கு ஒன்றைப் போட உட்காருகிறீர்கள். ஒரு பக்கம் நீராவி அட்டவணை. மறுபக்கம் பாடநூலில் படித்த எளிய சமன்பாடு. எதை நம்புவது? இரண்டும் ஒரே விடையைத்தானே தர வேண்டும் என்பீர்கள். போட்டுப் பார்ப்போம்.

ஒரு கிலோகிராம் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரி சென்டிகிரேடு வரை சூடாக்க வேண்டும். தண்ணீரின் தன்வெப்பம் 4.18 கிலோஜூல். இதை 70ஆல் பெருக்கினால் 292.6 கிலோஜூல். அட்டவணை தருவது ஏறக்குறைய 293. வேறுபாடு இல்லை என்றே சொல்லலாம்.

அதே தண்ணீரை, கொதித்துவிடாமல் அழுத்தத்தில் வைத்து, 250 டிகிரி வரை சூடாக்கினால்? சமன்பாட்டின் விடை சுமார் 920. அட்டவணையின் விடையோ ஏறக்குறைய 960. தன்வெப்பம் மாறாது என்று நாம் எடுத்துக்கொண்டதே பிழை. 250 டிகிரியில் அது 4.8க்கும் மேலாகிவிடுகிறது.

நீராவியில் பிழை இன்னும் பெரிது. வாயுச் சமன்பாடு, மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஈர்ப்பதில்லை என்று கொள்கிறது. 100 டிகிரியில் தெவிட்டிய நீராவிக்கு இது ஓரளவு பொருந்தும். பிழை 2 விழுக்காட்டுக்கும் குறைவு. 300 டிகிரியில் அழுத்தம் ஏறத்தாழ 86 பார், மூலக்கூறுகள் நெருங்கிவிடுகின்றன. ஒரு கனமீட்டர் கலத்தில் சுமார் 32 கிலோகிராம் நீராவி இருக்கும் என்கிறது சமன்பாடு. உண்மையில் இருப்பது 46 கிலோகிராம்! இந்தக் கணக்கை நம்பிக் காப்பு வால்வை அமைத்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

அப்படியானால் எப்போதும் அட்டவணைதானா? அதிலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. உங்களுக்கு 105 டிகிரி வேண்டும். அட்டவணையிலோ 100, 110 மட்டுமே உள்ளன. உள்ளுறை வெப்பம் முறையே 2256, 2230. நடு மதிப்பு 2243; இது சரியான விடையே. ஆனால் வரிசைகளின் இடைவெளி பெரிதாக இருந்து, மதிப்புகளும் வேகமாக மாறினால், இந்த வழி ஏமாற்றும்.

இன்னொரு செய்தி உங்களுக்கு வியப்பளிக்கலாம். 1847இல் ரெக்னால்ட் வெளியிட்ட நீராவி அளவீடுகள் சோதனைச்சாலையில் அளந்தவை. இன்றைய அட்டவணைகளோ சமன்பாடுகளிலிருந்தே கணக்கிடப்படுகின்றன. 1997இல் தொழில்துறைக்கென ஏற்கப்பட்ட முறையில் நீர்மநிலைத் தண்ணீருக்கான சமன்பாட்டில் மட்டும் 34 உறுப்புகள்! அளந்த மதிப்புகளோடு பொருந்துமாறு அமைக்கப்பட்டவை அவை.

ஆகவே, அட்டவணையும் சமன்பாடும் பகைவர்கள் அல்ல. எளிய சமன்பாட்டைக் கையில் எடுக்கும்போதெல்லாம் ஒன்றைக் கேளுங்கள்: "இதில் எது மாறாது என்று கொண்டிருக்கிறோம்? நம் கணக்கில் அது உண்மையிலேயே மாறாமல் இருக்கிறதா?" ஆம் எனில் சமன்பாடு போதும். ஐயம் எழுந்தால் அட்டவணையைப் புரட்டுங்கள்.