வீட்டுப் பட்டறைக்கு வாகன லிஃப்ட்: வாங்கும் முன் அளக்க வேண்டியவை

வீட்டின் முன்புறத்திலோ பக்கவாட்டிலோ தகரக் கூரை வேய்ந்து, சிறிய அளவில் கார் பழுதுபார்க்கும் பட்டறை நடத்திவரும் வாடிக்கையாளர்கள் நம் கிளைகள் பலவற்றில் உள்ளனர். ஜாக்கியால் வண்டியை உயர்த்தி, தரையில் அட்டையை விரித்து, அடியில் படுத்தபடியே வேலை பார்த்து ஆண்டுகளைக் கழித்தவர்கள் அவர்கள். தொழில் ஓரளவு நிலைபெற்றதும் வாகன லிஃப்ட் வாங்கக் கடன் கேட்டு வங்கிக்கு வருகின்றனர். கையில் விற்பனையாளர் தந்த விலைப்புள்ளி இருக்கும். அதில் இயந்திரத்தின் விலை இருக்கும். அது எத்தனை டன் தூக்கும் என்பது இருக்கும். அது நிற்கப்போகும் இடத்தைப் பற்றி ஒரு வரியும் இராது.

நாக்பூரில் நாங்கள் பணியாற்றிய கிளைக்கு இவ்வாறு ஒருவர் வந்தார். நான்கு டன் தூக்கும் இருதூண் லிஃப்டுக்கு விலைப்புள்ளி வைத்திருந்தார். வழக்கமான கள ஆய்வுக்காக அவருடைய பட்டறைக்குச் சென்றோம். கூரையின் தாழ்ந்த பகுதி தரையிலிருந்து பத்தடி உயரத்தில் இருந்தது. தூண் ஒன்று ஊன்றப்படவிருந்த இடத்தை அவர் காட்டியபோது, அருகே ஓர் இரும்பு மூடி தென்பட்டது. அது என்னவென்று கேட்டோம். வீட்டுத் தண்ணீர்த் தொட்டி என்றார். லிஃப்டின் ஒரு தூணை, உள்ளே வெறுமையாய் இருந்த ஒரு தொட்டியின் மேல்மூடியில் ஊன்ற அவர் ஆயத்தமாகியிருந்தார். அவருடைய கவனக்குறைவு என்று இதைச் சொல்லிவிட முடியாது. தரையைப் பற்றி அவரிடம் அதுவரை எவரும் கேட்டிருக்கவில்லை.

லிஃப்டைத் தேர்ந்தெடுப்பது விலைப்புள்ளியில் தொடங்குவதன்று. பட்டறையின் தரையிலும் கூரையிலும் தொடங்குவது. இக்கட்டுரை வலியுறுத்த விரும்புவது இதனையே.

கூரையின் உயரம்

கணக்கு எளியது. வண்டியின் உயரத்தையும் அதனைத் தூக்க வேண்டிய உயரத்தையும் கூட்டுங்கள். ஆல்ட்டோ கே10 காரின் உயரம் 1,520 மில்லிமீட்டர். அடியில் ஒருவர் நிமிர்ந்து நின்று வேலை செய்ய ஏறத்தாழ 1,800 மில்லிமீட்டர் தூக்க வேண்டும். இரண்டையும் கூட்டினால் 3,320 மில்லிமீட்டர், அதாவது பதினோரு அடிக்குச் சற்றுக் குறைவு. இன்னோவா கிரிஸ்டாவின் உயரம் 1,795 மில்லிமீட்டர். அதற்குப் பன்னிரண்டு அடியளவு தேவைப்படும். கூரையைத் தாங்கும் குறுக்குக் கம்பிகள், மின்விசிறி, விளக்கு ஆகியவற்றுக்குக் கீழே எஞ்சும் இடைவெளியே உண்மையான உயரம். சாய்ந்த கூரையாயின், வண்டி நிற்கும் இடத்தின் தாழ்ந்த பகுதியை அளக்க வேண்டும்.

தரையின் வலிமை

இருதூண் லிஃப்டில் வண்டியின் முழு எடையும் இரண்டு தூண்களின் அடித்தகடுகள் வழியாகத் தரைக்குள் இறங்குகிறது. தூண்களைச் சாயவிடாமல் பிடித்திருப்பவை தரையில் இறக்கப்பட்ட நங்கூர போல்ட்டுகள். அவற்றைப் பிடித்திருப்பது கான்கிரீட். அது விரிந்துவிட்டால் எத்தனை டன் திறனுள்ள இயந்திரமும் பயன்தராது.

ஆகவே, தேவையான கான்கிரீட்டின் கனத்தையும் தரத்தையும் தயாரிப்பாளரின் கையேட்டிலிருந்து எழுத்து வடிவில் கேட்டுப் பெறுங்கள். மேலே ஒட்டிய டைல்ஸையும் கோட்டா கல்லையும் அக்கனத்தில் சேர்க்கக் கூடாது. ஓரிடத்தில் துளையிட்டுப் பார்த்தால் உண்மையான கனம் தெரிந்துவிடும். புதிதாகக் கான்கிரீட் போடுவதாயின், அதன் தர அளவு 28 நாள் வலிமையைக் கொண்டே குறிக்கப்படுகிறது என்பதை நினைவிற்கொள்க. எம்25 என்பது 28ஆம் நாளில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் தாங்கும் கான்கிரீட். அதற்குள் அவசரப்பட்டுப் போல்ட் இறக்குவது கூடாது. தண்ணீர்த் தொட்டி, கழிவுநீர்த் தொட்டி, அண்மையில் மண் நிரப்பிய பள்ளம் ஆகியவற்றின் மேல் லிஃப்ட் நிறுத்தவே கூடாது.

எந்த வகை எவருக்கு?

இருதூண் லிஃப்ட், பட்டறை வழக்கில் ‘டூ போஸ்ட்’ எனப்படுவது. நான்கு கைகள் வண்டியின் அடிச்சட்டத்தைத் தாங்குவதால் சக்கரங்கள் நான்கும் தடையின்றித் தொங்கும். பிரேக், சஸ்பென்ஷன், கியர்பாக்ஸ் என அனைத்து வேலைகளுக்கும் ஏற்றது. தரையிடமும் கூரையிடமும் மிகுதியாக எதிர்பார்ப்பதும் இதுவே.

நான்குதூண் லிஃப்டில் வண்டி தன் சக்கரங்களின் மீதே இரு தடங்களில் நிற்கிறது. எடை நான்கு இடங்களுக்குப் பகிரப்படுவதால் நிலைத்தன்மை மிகுதி. சக்கர நேர்த்திப் பணிக்கும் உகந்தது. ஆனால், சக்கரத்தைக் கழற்றத் தடங்களுக்கு இடையே தனி ஜாக்கி தேவை. இடமும் கூடுதலாகப் பிடிக்கும்.

கத்திரி லிஃப்டில் தாழ் உயர வகை ஏறத்தாழ ஒரு மீட்டர் வரை தூக்கும். டயர், பிரேக், உடற்பகுதி வேலைகளுக்கு அதுவே போதும். பத்தடிக் கூரைக்குள் அடங்கும். வண்டியின் நடுப்பகுதிக்குக் கீழே வேலை செய்ய, கத்திரிக் கால்கள் ஓரளவு இடையூறாக இருக்கும். நாக்பூர் வாடிக்கையாளர் இறுதியில் தேர்ந்தெடுத்தது இவ்வகையையே. தொட்டிக்கு அப்பால், நல்ல தரையுள்ள பாதியில் அதனை அமைத்துக்கொண்டார். கடன் தொகையும் குறைந்தது.

இருசக்கர வாகனங்களை மட்டும் பழுதுபார்ப்பவர்களுக்குக் காலால் மிதித்து உயர்த்தும் ஹைட்ராலிக் மேசை போதும். மின்சாரமும் நங்கூர போல்ட்டும் அதற்கு வேண்டியதில்லை.

குழி தோண்டிக்கொள்ளலாமே என்று சிலர் கேட்கின்றனர். பெட்ரோல் ஆவியும் எல்.பி.ஜி. வாயுவும் காற்றைவிடக் கனமானவை. குழியில் தேங்கி நிற்பவை. ஒரு தீப்பொறி போதும், உயிருக்கு ஆபத்து.

எடையும் அதன் பகிர்வும்

ஆல்ட்டோ போன்ற சிறு கார்கள் ஒரு டன்னுக்கும் குறைந்தவை. இன்னோவா போன்றவை இரண்டு டன்னை நெருங்குபவை. எனவே நான்கு டன் லிஃப்ட் தாராளம் என்று தோன்றும். ஆனால் நான்கு டன் திறன் என்பது நான்கு கைகளுக்கும் பகிர்ந்த கணக்கு. ஒரு கைக்கு ஒரு டன்னே. முன்புறம் எஞ்சின் உள்ள வண்டியில் முன்கைகள் கூடுதல் எடையைச் சுமக்கும். எஞ்சினையோ கியர்பாக்ஸையோ இறக்கியதும் எடையின் மையம் பின்னோக்கி நகரும். இதனை முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும். மின்சார வாகனங்களில் மின்கலன் தரைப்பகுதியின் அடியிலேயே அமைந்திருக்கும். லிஃப்டின் தாங்கு திண்டுகள் அதன்மீது அழுந்தக் கூடாது. தூக்க வேண்டிய இடங்கள் வண்டியின் கையேட்டில் குறிக்கப்பட்டிருக்கும்.

மின் இணைப்பு

வீட்டு இணைப்பு பொதுவாக 230 வோல்ட் ஒருமுனை. பல லிஃப்டுகள் மும்முனை மின்சாரம் கேட்பவை. எந்த மோட்டார் என்று முதலிலேயே உறுதிசெய்துகொள்ளுங்கள். வீட்டு உபயோகத்திற்கான இணைப்பில் தொழில் நடத்துவது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்படி அனுமதியற்ற பயன்பாடாகும். அதற்கு இருமடங்கு கட்டண விகிதத்தில் மதிப்பீடு செய்யப்படலாம். உரிய வணிக இணைப்புக்கு முன்னரே விண்ணப்பிப்பது நன்று. மின்தடையின்போது வண்டியைக் கையால் இறக்கும் வசதி உள்ளதா என்பதையும் கேளுங்கள்.

உயிர்காக்கும் பூட்டு

வண்டியைத் தூக்குவது எண்ணெய் அழுத்தம். தாங்கி நிற்க வேண்டியது இரும்புப் பூட்டு. தேவையான உயரத்திற்கு ஏற்றியபின், சற்றே இறக்கி, பூட்டின்மீது வண்டியை அமர்த்திய பிறகே அடியில் செல்ல வேண்டும். எண்ணெய்க்குழாய் வெடித்தாலும் வண்டி அப்படியே நிற்கும். பழைய லிஃப்ட் வாங்குவோர் இப்பூட்டுகள், எஃகுக் கயிறுகள், தூண்களின் பற்றவைப்பு இணைப்புகள் ஆகியவற்றை அனுபவமுள்ளவரைக் கொண்டு சோதிக்க வேண்டும். திறன் பொறித்த தகடு இல்லாத இயந்திரத்தைத் தவிர்க்க வேண்டும். பட்டறை வீட்டோடு ஒட்டியது என்பதால் இன்னொன்றும் உண்டு: பணி முடிந்ததும் லிஃப்டை முழுவதும் இறக்கி, மின்விசையை நிறுத்திப் பூட்டிவிடுங்கள். மாலையில் அங்கே விளையாட வருபவர்கள் உங்கள் குழந்தைகளே.

கடனைத் திட்டமிடுதல்

கணக்கு விளங்குவதற்காகச் சில தொகைகளை நாங்களே எடுத்துக்கொள்கிறோம். வரி உட்பட இயந்திரம் ரூ.2,50,000, தரை வேலை ரூ.50,000, மின் இணைப்பும் கம்பியமைப்பும் ரூ.35,000, கொண்டுவந்து பொருத்தும் செலவு ரூ.25,000. மொத்தம் ரூ.3,60,000. இயந்திரத்திற்கு மட்டும் கடன் கேட்டவர், எஞ்சிய ரூ.1,10,000-க்கு எங்கே செல்வார்? கைமாற்றுக்கோ கந்துவட்டிக்கோ செல்வார். அல்லது தரை வேலையைக் குறைத்துக்கொள்வார். இரண்டுமே கேடு. எனவே அனைத்துச் செலவுகளையும் திட்ட மதிப்பீட்டில் சேர்த்தே விண்ணப்பியுங்கள்.

மேற்கண்ட தொகையில் ரூ.60,000 உங்கள் பங்காகவும் ரூ.3,00,000 கடனாகவும் இருந்து, ஆண்டு வட்டி 11 விழுக்காடு, காலம் ஐந்து ஆண்டுகள் எனக் கொண்டால், மாதத் தவணை ஏறத்தாழ ரூ.6,523 வரும். லிஃப்டினால் கூடுதலாகக் கிடைக்கும் ஒவ்வொரு வேலையிலும் செலவு போக ரூ.400 நிற்குமாயின், தவணைக்கு மட்டும் மாதம் 17 கூடுதல் வேலைகள் வேண்டும். உங்கள் பகுதியில் அத்தனை வண்டிகள் வருமா? இதற்கு நேர்மையான விடை காணவேண்டியவர் நீங்களே.

2015 ஏப்ரல் 8 அன்று தொடங்கப்பெற்ற பிரதம மந்திரி முத்ரா திட்டத்தில் ரூ.50,000 வரை ‘சிசு’, அதற்கு மேல் ரூ.5 இலட்சம் வரை ‘கிஷோர்’, ரூ.10 இலட்சம் வரை ‘தருண்’ என்னும் பிரிவுகளில் பிணையமின்றிக் கடன் பெறலாம். கட்டணமின்றிக் கிடைக்கும் உத்யம் பதிவைச் செய்துகொண்டு வருவது விண்ணப்பத்தை எளிதாக்கும். தரை உறுதிப்படவும் மின் இணைப்பு கிடைக்கவும் வாரங்கள் சில ஆகும் என்பதால், முதல் தவணையைத் தள்ளித் தொடங்க இயலுமா என்றும் கிளையில் கேளுங்கள். காப்பீடு எடுக்கையில், வாடிக்கையாளரின் வண்டிக்கும் பணியாளருக்கும் நேரும் இழப்பு அதில் அடங்குமா என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

விலைப்புள்ளியுடன் கிளைக்கு வரும் நாளில் இன்னொரு தாளும் கொண்டுவாருங்கள். அதில் கூரையின் உயரம், கான்கிரீட்டின் கனம், அடியில் உள்ள தொட்டிகள், மின் இணைப்பின் வகை ஆகியவற்றை உங்கள் கையாலேயே எழுதியிருங்கள். அளவு நாடா ஒன்றும் அரை நாளும் இருந்தால் அத்தாள் ஆயத்தமாகிவிடும். கடன் கோரிக்கையைப் பரிசீலிக்க எங்களுக்கு அது உதவும். தூக்கிய வண்டியின் கீழ் நாள்தோறும் நிற்கப்போகும் உங்களுக்கு, அது அதனினும் இன்றியமையாதது.