இரும்பு முகமூடி சேலம் வந்த கதை

ஏற்காட்டுக்குப் போய், கிளியூர் அருவியைப் பார்த்துவிட்டு மலையிறங்கி சேலம் வருகிறவர்கள் ஏற்காடு சாலையோரம் ஒரு பழைய வளைவைத் தாண்டித்தான் வருகிறார்கள். மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோவில் இன்றைக்கு மிச்சமிருப்பது அந்த நுழைவாயில் மட்டும்தான். டி.ஆர்.சுந்தரம் 1930களில் தொடங்கிய நிறுவனம். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கிருந்து வந்தன. அதில் ஒன்றுதான் 1940இல் வெளியான 'உத்தம புத்திரன்'.

அதன் கதையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தால் பாரிஸ் நாடக மேடைக்குப் போய்விடுவோம்.

அலெக்சாண்டர் டூமாவை (நம்ம ஊர் வழக்கில் டூமாஸ்) நாவலாசிரியராகத்தான் நமக்குத் தெரியும். ஆனா மனுஷன் முதலில் பேர் வாங்கியது நாடகத்தில். 'மூன்று மஸ்கட்டியர்கள்' வந்தது 1844இல். அதற்குப் பதினைந்து வருஷம் முன்னாடியே, 1829இல், 'மூன்றாம் ஹென்றியும் அவன் அரசவையும்' என்ற நாடகத்தால் பாரிஸைக் கலக்கியவர் அவர். 1847இல் சொந்தமாக ஒரு நாடக அரங்கையே திறந்தார். தன் நாவல்களைத் தானே நாடகமாக்குவதும் அவர் வழக்கம். இரும்பு முகமூடிக் கதையை 1861இல் 'பாஸ்டீல் கைதி' என்று மேடையேற்றினார்.

அந்தக் கதையும் அவர் கற்பனையில் பிறந்ததல்ல. 1703இல் பாஸ்டீல் சிறையில் முகம் மறைக்கப்பட்ட கைதி ஒருவர் இறந்தது நிஜம். அவர் அணிந்திருந்தது கறுப்பு வெல்வெட் துணி என்று சிறை அதிகாரி ஒருவரின் குறிப்பே சொல்கிறது. அதை இரும்பாக்கிப் பரப்பியவர் வால்டேர். கைதி பதினான்காம் லூயியின் அண்ணன் என்ற பேச்சும் அவர் வழியாகவே பரவியது. பின்னால் வந்தவர்கள் அண்ணனை இரட்டையராக்கினார்கள். விக்டர் ஹ்யூகோவும் 1839இல் 'இரட்டையர்' என்று ஒரு நாடகம் எழுத ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டார். ஆக, டூமா கைக்கு வரும்போதே அது நாலு கை மாறிய சரக்கு.

டூமாவின் நாவலில் இரட்டையர் ஆள்மாறாட்டம் தோற்றுப்போகிறது. நிஜ ராஜா மீட்கப்படுகிறான். அப்பாவித் தம்பி முகமூடியோடு சிறைக்குப் போகிறான். வேறு வழியில்லை. லூயி 1715 வரை ஆண்டது சரித்திரம், பிரெஞ்சு வாசகர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்த விஷயம்.

ஹாலிவுட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 1939இல் ஜேம்ஸ் வேல் எடுத்த படத்தில் நல்லவன் ஜெயிக்கிறான். அடுத்த வருஷமே சேலத்திலிருந்து 'உத்தம புத்திரன்'. தமிழில் லூயியும் இல்லை, பாஸ்டீலும் இல்லை. எந்த ஊர் என்றே சொல்ல முடியாத ஒரு ராஜ்ஜியம், அரண்மனையில் கெட்டுப்போன ஒருவன், குடிமக்கள் நடுவே வளர்ந்த ஒருவன். எவன் ஆளத் தகுந்தவன் என்பதுதான் கேள்வி. தலைப்பே பதிலைச் சொல்லிவிடுகிறது, இல்லீங்களா?

இரண்டு பேராகவும் நடித்தவர் பி.யு.சின்னப்பா. பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் வளர்ந்தவர். தமிழ் சினிமாவின் முதல் இரட்டை வேடம் என்று இதைத்தான் சொல்வார்கள்.

அந்தக் காலத்தில் இரட்டை வேடம் எடுத்த விதம் எளிமையானது, ஆனா பொறுமையைச் சோதிக்கும். லென்ஸில் பாதியை மறைத்து நடிகரை ஒரு பக்கம் நிற்க வைத்து எடுப்பார்கள். ஃபிலிமைப் பின்னுக்குச் சுற்றி, மறு பாதியை மறைத்து, உடை மாற்றி, அதே நடிகரை மறுபக்கம் நிற்க வைப்பார்கள். நடுவில் கேமரா இம்மி அசைந்தாலும் போச்சு. இந்த மறைப்புக்கும் பெயர் 'மாஸ்க்', அதாவது முகமூடிதான்!

மேடையில் ஃபிலிம் ஏது? டூமாவின் 'கார்சிக சகோதரர்கள்' குறுநாவல் 1852இல் லண்டனில் நாடகமானபோது சார்லஸ் கீன் ஒருவரே இரண்டு சகோதரர்களாகவும் நடித்தார். இறந்த சகோதரனின் ஆவி மேடையைப் பிளந்து எழும்பி வழுக்கிக்கொண்டு நகர்வதற்கென்றே சாய்தளத்தோடு ஒரு பொறி செய்தார்கள். விக்டோரியா ராணியே பலமுறை வந்து பார்த்தாராம். இந்தக் கதைதான் ஜெமினியின் 'அபூர்வ சகோதரர்கள்' (1949), பிறகு எம்.ஜி.ஆரின் 'நீரும் நெருப்பும்' (1971). கமலின் 1989 படத்துக்குப் பெயர் மட்டும்தான் ஒன்று.

'உத்தம புத்திரன்' 1958இல் சிவாஜியோடு மறுபடி வந்தது. 2006இல் வடிவேலுவின் 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி' அதே சட்டகத்தைக் கேலியாக்கியது. அதில் கொடுங்கோலன் திருந்திவிடுகிறான்.

"எல்லாம் வெளிநாட்டுக் காப்பி" என்று சொல்வது சுலபம். சொல்லப்போனா டூமாவே இரவல் வாங்கியவர்தான். எங்கிருந்து எடுத்தார்கள் என்பதோடு, கடைசியில் முகமூடியை யார் தலையில் மாட்டினார்கள் என்பதையும் பாருங்கள். பாரிஸ் தன் சரித்திரத்துக்குக் கட்டுப்பட்டு அதை அப்பாவித் தம்பிக்கு மாட்டியது. சேலம் அவனைச் சிம்மாசனத்தில் உட்கார வைத்தது.