புத்தகக் கிரிக்கெட்டில் கேட்ச் பிடித்தவர் யார்?

மழை வந்து விளையாட்டு வகுப்பு நின்றுவிட்டால், நம் மாணவியர் மேசையிலேயே கிரிக்கெட் ஆடத் தொடங்கிவிடுவார்கள். தடித்த புத்தகம் ஒன்று போதும். கண்ணை மூடிப் பிரித்தால், இடப்பக்க எண்ணின் கடைசி இலக்கமே ஓட்டம். இடப்பக்கம் எப்போதும் இரட்டை எண்ணாதலால் 0, 2, 4, 6, 8 ஆகிய ஐந்தில் ஒன்றுதான் வரும். 0 வந்தால் அவுட். 8 வந்தால் ஒரு ஓட்டம் என்பர் சிலர். ஓட்டமில்லை என்பர் வேறு சிலர்.

இந்த ஆட்டத்தில் அடித்தவர் பெயர் இருக்கிறது. பந்து வீசியவர் பெயரும் இருக்கிறது. பந்தைப் பிடித்தவர் எங்கே?

உண்மையான ஆட்டத்திலேயே இந்தக் கணக்கு எளிதன்று. 1971 ஆகஸ்டில் லண்டன் ஓவல் மைதானத்தில் இந்தியா இங்கிலாந்தை 101 ரன்களில் சுருட்டியது. சந்திரசேகர் 6, நம் சென்னை வெங்கட்ராகவன் 2, பேடி 1. கூட்டினால் ஒன்பதுதான். பத்தாவது விக்கெட் ரன் அவுட். லக்கர்ஸ்ட் நேரே அடித்த பந்து, வீசிய சந்திரசேகரின் கையில் பட்டு எதிர்முனை ஸ்டம்பைச் சாய்க்க, ஜேம்சன் வெளியேறினார். ரன் அவுட் ஆதலால் அந்த விக்கெட் வீசியவர் கணக்கில் சேராது. அதே இன்னிங்சில் டி ஒலிவேராவின் கேட்சைப் பிடித்தவர் மாற்று ஆட்டக்காரர் ஜயந்திலால். ஸ்கோர் அட்டையில் அவருக்குக் கிடைத்த பெயர் ‘மாற்று’ என்பதே!

பீல்டருக்குக் கிடைக்கும் கேட்ச், அவர் திறமையை மட்டும் பொறுத்ததன்று. நிற்கும் இடத்தையும் பொறுத்தது. ஏக்நாத் சோல்கர் 27 டெஸ்டுகளில் 53 கேட்ச் பிடித்தார். தலைக்கவசம் இன்றி, மட்டையாளரின் காலடியில் ஷார்ட் லெக்கில் நின்றவர் அவர். எல்லைக்கோட்டருகே நின்றிருந்தால் எத்தனை பந்து அவரைத் தேடி வந்திருக்கும்?

அமெரிக்கரின் பேஸ்பாலில் இதற்கு நல்ல முறை உண்டு. ஒருவரை வெளியேற்றினால், அதை முடித்த பீல்டருக்கு ஒரு வரவு. பந்தை எறிந்து உதவியவருக்கு வேறொரு வரவு. 1961-இல் வந்த ‘ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்’ என்னும் பகடை ஆட்டத்திலும் பீல்டரை மறக்கவில்லை. கடினமான பந்து எந்த இடத்துக்குப் போகிறது என்று முதலில் தெரியும். பிறகு, அங்கே நிற்பவரின் தரத்தைப் பார்த்து, பிடித்தாரா விட்டாரா என்று பகடை முடிவு செய்யும். முதலில் இடம், பிறகு திறமை. இதுவே சூத்திரம்.

இதை நம் புத்தகத்துக்கும் பொருத்தலாம். 0 வந்ததும் இரண்டாம் முறை பிரியுங்கள். 0 என்றால் போல்டு. 2 விக்கெட் கீப்பர். 4 ஸ்லிப் அல்லது ஷார்ட் லெக். 6 தொலைவில் நிற்பவர். 8 ரன் அவுட். கேட்ச் என்றால் மூன்றாம் முறை பிரியுங்கள். நல்ல பீல்டர் 0 வந்தால் மட்டுமே தவறவிடுவாள். சுமாரான பீல்டர் 0, 2 இரண்டிலும் தவறவிடுவாள். அதாவது ஐந்தில் ஒன்று, ஐந்தில் இரண்டு. பிடித்ததையும் விட்டதையும் அவரவர் பெயரில் எழுதுங்கள். அப்போதுதான் பத்தில் ஆறு பிடித்தவளையும் மூன்றில் மூன்று பிடித்தவளையும் நேர்மையாக ஒப்பிட முடியும். ரன் அவுட்டில் எறிந்தவள் பெயரையும் விட்டுவிடாதீர்கள்.

கார்த்திகைத் தீபத்தன்று நம் ஊரே மலையுச்சியின் சுடரைப் பார்க்கிறது. கொப்பரையையும் நெய்யையும் சுமந்து ஏறியவர்களை எத்தனை பேர் நினைக்கிறோம்? ஆட்டத்திலும் அப்படிப்பட்டவர்கள் உண்டு. ஸ்கோர் நோட்டு நம் கையில் இருக்கும்போது, அவர்களுக்கும் ஒரு வரி ஒதுக்குவோம்.