மறுநடவு மானியம் சிறுதோட்டக்காரருக்கு ஆதாயமா?

தோட்டங்களில் விளக்கக் கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கும் வேளையில் இரண்டொருவர் தயங்கி நிற்பது வழக்கம். பலர் முன்னிலையில் கேட்க விரும்பாத கேள்வியை அவர்கள் அப்பொழுதுதான் கேட்பர். அவ்வாறு நாம் அடிக்கடி கேட்க நேர்ந்த கேள்வி ஒன்றுண்டு. "ஐயா, அப்பா வாங்கிப் போட்ட மூன்று ஏக்கர் இருக்கிறது. மரமெல்லாம் கிழடாகிவிட்டது. சாய்த்துவிட்டு மறுநடவு செய்தால் அரசாங்கம் பணம் கொடுக்கும் என்கிறார்கள். அதை நம்பி இறங்கலாமா?"

இக்கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் விடை கூறுதல் முறையாகாது. மானியம் என்பதை வானத்திலிருந்து விழும் பணம் என எண்ணுவோர் உளர். அது நம்மைப் போன்றோருக்கு எட்டாதது என ஒதுங்குவோரும் உளர். இரு சாராரும் அம்மானியம் யாருடைய பணம் என்பதைக் கேட்பதில்லை. நாம் அங்கிருந்தே தொடங்குவோம்.

1950களின் தொடக்கத்தில் மலாயாவின் ரப்பர்த் தோப்புகளுள் பெரும்பகுதி முதுமை அடைந்திருந்தது. செயற்கை ரப்பர் உலகச் சந்தையில் போட்டிக்கு வந்துவிட்டது. குறைந்த பால் தரும் பழைய மரங்களை வைத்துக்கொண்டு அப்போட்டியில் நிலைத்திருக்க இயலாது என்பது தெளிவாயிற்று. ஆகவே 1952ஆம் ஆண்டில் மறுநடவு நிதிக்கான சட்டம் இயற்றப்பட்டது. நாட்டை விட்டு ஏற்றுமதியாகும் ஒவ்வோர் இராத்தல் ரப்பருக்கும் நான்கரைக் காசு தீர்வையாகப் பெறப்பட்டது. ஏற்றுமதியாளர் அதனைச் செலுத்தினார் என்பது உண்மையே. ஆயினும் அவர் அதைத் தம் பையிலிருந்து கொடுக்கவில்லை. வணிகருக்குக் கொடுக்கும் விலையில் குறைத்தார். வணிகர், ஷீட் கொண்டு வந்து விற்ற சிறுதோட்டக்காரருக்குக் கொடுக்கும் விலையில் குறைத்தார். ஆக, மானியத்தின் வேர் சிறுதோட்டக்காரரின் மங்கிலேயே இருந்தது.

இவ்வாறு திரண்ட பணம் இரண்டு நிதிகளாகப் பிரிக்கப்பட்டது. பெரிய தோட்டங்களுக்கு ஒரு நிதி. 100 ஏக்கருக்குக் குறைந்த சிறுதோட்டங்களுக்கு மற்றொரு நிதி. இவ்விரண்டிற்கும் இடையே இருந்த வேறுபாடு பலரும் அறியாதது. தோட்டங்களுக்குத் தனித்தனிக் கணக்கு இருந்தது. எந்தத் தோட்டம் எவ்வளவு தீர்வை செலுத்தியதோ அது அந்தத் தோட்டத்தின் பெயரிலேயே நின்றது. சிறுதோட்டக்காரர்களின் தீர்வையோ ஒரே பானையில் கொட்டப்பட்டது. மறுநடவு செய்தவர் அப்பானையிலிருந்து ஏக்கர்க் கணக்கில் பெற்றார். செய்யாதவர் தீர்வை மட்டும் கட்டினார்.

இலட்சக்கணக்கான சிறு உடைமையாளருக்குத் தனிக் கணக்கு வைத்தல் அக்காலத்தில் எளிதன்று என்பதை நாம் உணர்கிறோம். எனினும் அதன் விளைவையும் கூறத்தான் வேண்டும். கரும்பலகையில் எழுதுவது போல ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பழைய மரங்கள் நின்ற ஓர் ஏக்கர் ஆண்டுக்கு 400 இராத்தல் ரப்பர் தந்தது என்று கொள்க. நான்கரைக் காசு வீதம் அதற்குரிய தீர்வை 18 வெள்ளி. தொடக்கத்தில் ஏக்கருக்கு வழங்கப்பட்ட மானியம் 400 வெள்ளி. பின்னர் அது படிப்படியாக உயர்த்தப்பட்டது. 400ஐ 18ஆல் வகுத்தால் இருபத்திரண்டு ஆண்டுகளுக்குச் சற்று மேலாகிறது. அதாவது, மறுநடவு செய்தவர் இருபத்திரண்டு ஆண்டுத் தீர்வையை ஒரு சேரப் பெற்றார். செய்ய இயலாத அண்டை வீட்டுக்காரர் அந்தத் தொகைக்குத் தம் பங்கையும் சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அப்படியாயின் எல்லாரும் மறுநடவு செய்திருக்கலாமே என்று வினவலாம். இங்குதான் ஆறு ஆண்டு என்னும் சுவர் குறுக்கே நிற்கிறது.

ரப்பர்க் கன்றை நட்டால் அது வெட்டுக்கு வர ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் ஆகும். உரமும் களையெடுப்பும் குறைந்தால் ஏழு, எட்டு என நீளும். நம்மிடம் கேள்வி கேட்டவரின் மூன்று ஏக்கரையே எடுத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்கும்பொருட்டு இராத்தல் விலை 50 காசு என்று வைத்துக்கொள்வோம். பழைய மரங்கள் ஆண்டுக்கு 1,200 இராத்தல் தரும். வருமானம் 600 வெள்ளி. மாதம் 50 வெள்ளி. மரங்களைச் சாய்த்த நாள் முதல் அந்த 50 வெள்ளி நின்றுபோகும். ஆறு ஆண்டுகளில் இழப்பு 3,600 வெள்ளி. மூன்று ஏக்கருக்குரிய மானியம் 1,200 வெள்ளி. அதுவும் சோற்றுக்கு வந்த பணமன்று. மரம் சாய்க்கவும், கன்று வாங்கவும், உரமிடவும், களை எடுக்கவும் வந்த பணம். அதனாலேயே அது ஒரே முறையில் கையில் கொடுக்கப்படவில்லை. அதிகாரி வந்து பார்த்து, வேலை நடந்திருப்பதைக் கண்ட பின்னரே தவணை தவணையாக வழங்கப்பட்டது. ஒரு பகுதி உரமாகவும் கன்றாகவும் வந்தது. உரமூட்டையைக் கடையில் விற்று அரிசி வாங்கியவர்களும் இருந்தனர். அவர்களைக் குறை கூற நாம் விரும்பவில்லை. ஆனால் பட்டினி கிடந்த கன்று அடுத்த தவணையை வாங்கித் தராது.

இனி, கணக்கின் மறுபக்கம். சுங்கை பூலோவில் இருந்த ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனைத் தோட்டம் நம் மூத்த தொழிலாளர் பலருக்கு நினைவிருக்கும். அக்கழகம் உருவாக்கிய ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்னும் ஒட்டுரகம், நல்ல பராமரிப்பில் ஏக்கருக்கு ஆயிரம் இராத்தலுக்கு மேல் தந்தது. (அந்தச் சோதனைத் தோட்டம் இருந்த நிலத்தில் இன்று குவாசா டாமன்சாரா நகரம் எழுகிறது, துரித இரயில் நிலையமும் உண்டு.) ஆயிரம் என்றே கொண்டால், மூன்று ஏக்கர் 3,000 இராத்தல், வருமானம் 1,500 வெள்ளி. பழைய வருமானத்தினும் ஆண்டுக்கு 900 வெள்ளி மிகுதி. இழந்த 3,600 வெள்ளி, வெட்டுத் தொடங்கிய நான்கு ஆண்டுகளில் திரும்பிவிடும். முதலிரண்டு ஆண்டுகளில் பால் குறைவாகவே வரும் என்பதால் ஐந்தாறு ஆண்டுகள் என்று வைத்துக்கொள்வது நல்லது. அதன் பின்னரும் பதினைந்து, இருபது ஆண்டுகள் வெட்டலாம். பழைய மரங்களோ ஆண்டுதோறும் வற்றிக்கொண்டே போகும்.

ஆகவே, கணக்கின்படி மறுநடவு ஆதாயமே. அதில் ஐயமில்லை. ஆனால் அந்த ஆறு ஆண்டுகள் அடுப்பு எரிய வேறு வழி இருப்பவருக்கே அது ஆதாயம். இருபது ஏக்கர் உடையவர் ஐந்து ஏக்கரைச் சாய்த்துவிட்டு மீதியை வெட்டிக் காலம் கழித்தார். கடை வைத்திருந்தவர் கடையை நம்பினார். அந்தத் துண்டையே நம்பிய இரண்டு ஏக்கர்க்காரர் மரத்தைச் சாய்க்க அஞ்சினார். அவருடைய அச்சத்தை அறியாமை என்று சிலர் எழுதியதுண்டு. அஃது அறியாமையன்று, கணக்கு.

1973ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் பழைய மறுநடவு வாரியத்தின் இடத்தில் ரிஸ்டா எனப்படும் ரப்பர்ச் சிறுதோட்டக்காரர் மேம்பாட்டு வாரியம் அமைக்கப்பட்டதற்கு இக்குறையும் ஒரு காரணம் எனலாம். அண்டை நிலங்களை ஒன்றுசேர்த்து ஒரே வேளையில் மறுநடவு செய்யும் முறையை அது ஊக்குவித்தது. சிதறிக் கிடந்த துண்டுகளைச் சிறு எஸ்டேட் போல நடத்தும் திட்டங்களும் தோன்றின. கன்றுகளின் நிழல் பரவுமுன், முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில், இடைவரிசையில் வாழை, அன்னாசி, சோளம், நிலக்கடலை முதலியவற்றைப் பயிரிடுவதும் அறிவுறுத்தப்பட்டது. கிள்ளான், காப்பார், ஜெராம் பக்கத்துக் கடலோரக் களிமண் நிலங்களில் ரப்பரைவிடச் செம்பனை நன்கு வளர்வதால், அதற்கு மாறியவர் மிகப் பலர். செம்பனை மூன்றாம் ஆண்டளவில் குலை தள்ளத் தொடங்கும். ஆறு ஆண்டுச் சுவர் பாதியாகக் குறைந்துவிடுகிறது. ஆனால் செம்பனைக்கு உரச் செலவு மிகுதி. வெட்டிய குலையைக் காலந்தாழ்த்தாது ஆலைக்குச் சேர்க்கவும் வேண்டும்.

இவ்விடத்தில் தோட்டத் தொழிலாளர் தம் நிலையை எண்ணிப் பார்க்கவேண்டும். தோட்டத்தில் மாதச் சம்பளம் பெற்றுக்கொண்டே தமக்கென இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருப்பவருக்கு அந்த ஆறு ஆண்டுச் சோறு சம்பளத்திலிருந்து வருகிறது. நாற்று மேடை, ஒட்டுக் கட்டுதல், மூடுபயிர்க் கொடி, களையெடுப்பு, மங்கு கட்டுதல் ஆகிய எதுவும் அவருக்குப் புதிய பாடமன்று. பிறருடைய நிலத்தில் வாழ்நாளெல்லாம் செய்த வேலைதான். மறுநடவு மானியத்தை முழுமையாகப் பயன்படுத்திக்கொள்ளத் தகுந்தவர் இவரினும் வேறொருவர் இருத்தல் அரிது என்பது நம் கருத்து. அத்தகையோர் தொகை பெரிதாக இல்லை என்பதே வருத்தத்திற்குரியது. 1950களிலும் 1960களிலும் தோட்டத் துண்டாடல் நடந்தபொழுது நிலம் கைமாறியது; அதில் உழைத்தவர் கைக்கு அது பெரும்பாலும் வரவில்லை. அதனைக் கண்டே 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளி வீதம் செலுத்திப் பங்கு வாங்கிய தொழிலாளரின் பணத்தால் தோட்டங்கள் வாங்கப்பட்டன. பிரிக்பீல்ட்ஸ் வழியே செல்லும் பெருஞ்சாலை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நிலமே இல்லாமல் பிறர் சிறுதோட்டத்தில் பாதிப் பங்குக்கு மரம் வெட்டுவோர் நிலை வேறு. உடைமையாளர் மறுநடவுக்கு மனுச் செய்தால் மானியம் பட்டாவில் பெயருள்ளவருக்கே செல்லும். பங்குக்கு வெட்டியவருக்கோ மரத்தோடு தொழிலும் சாய்கிறது. கன்று பராமரிப்பு வேலையையாவது அவருக்கே கொடுத்தல் உடைமையாளரின் கடமை என நாம் கருதுகிறோம். மரம் சாய்ப்பதற்கு முன்னரே இதனைப் பேசி முடித்துக்கொள்ளுதல் நலம். சாய்த்த பின்னர் பேசிப் பயனில்லை.

மறுநடவு மானியம் மரத்தைப் புதுப்பிக்குமே ஒழிய விலையைத் தாங்கிப் பிடிக்காது. 1974 நவம்பரில் கெடா மாநிலம் பாலிங்கில் சிறுதோட்டக்காரர் ஆயிரக்கணக்கில் திரண்டது விலை வீழ்ச்சியினாலும் பொருள் விலையேற்றத்தினாலும் ஆகும். நல்ல மரம் வைத்திருந்தவருக்கும் அன்று அரிசி வாங்கப் போதவில்லை. 1979இல் கையெழுத்தான அனைத்துலக இயற்கை ரப்பர் ஒப்பந்தம், விலை தாழ்ந்தபொழுது வாங்கிச் சேமித்து, உயர்ந்தபொழுது விற்று, ஏற்றத்தாழ்வைக் குறைக்க முயன்றது. கோலாலம்பூரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அதன் அமைப்பு 1999இல் முடிவுக்கு வந்தது.

2015 முதல் வேறொரு வழி கையாளப்படுகிறது. ரப்பர் உற்பத்தி ஊக்கத்தொகை என்னும் அத்திட்டத்தில், விலை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் குறையும் தொகையை அரசாங்கம் ஈடு செய்கிறது. அந்த அளவு 2024 ஜனவரியில் கிலோவுக்கு 2 வெள்ளி 70 காசிலிருந்து 3 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. அதே 2015இல் இந்தியாவின் கேரள மாநிலமும் கிலோவுக்கு 150 ரூபாய் என்று அளவு வகுத்து இத்தகைய திட்டத்தைத் தொடங்கியது குறிப்பிடத்தக்கது. இலங்கையிலும் தாய்லாந்திலும் மறுநடவு மானியம் நெடுநாளாக உண்டு. இலங்கைச் சட்டம் 1953இலும் தாய்லாந்துச் சட்டம் 1960இலும் வந்தவை. தீர்வை பெற்று மறுநடவுக்குத் திருப்பும் வழியைத் தாய்லாந்தும் பின்பற்றிற்று. அந்நாடு பின்னாளில் நம்மை முந்தி உலகின் முதல் ரப்பர் உற்பத்தி நாடாயிற்று.

ஊக்கத்தொகையில் மறுநடவு மானியத்திற்கு இல்லாத ஒரு நன்மை உண்டு. அதற்கு ஆறு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதில்லை; விற்ற ரப்பருக்கு ஏற்பக் கிடைக்கும். அதனைப் பெற மலேசிய ரப்பர் வாரியம் வழங்கும் பாட்-ஜி என்னும் அனுமதி அட்டை வேண்டும். பட்டா உடையவர் மட்டுமன்றி மரம் வெட்டுபவரும் அவ்வட்டைக்கு மனுச் செய்யலாம் என்பதைப் பங்கு வெட்டுவோர் கவனிக்கவேண்டும்.

மூன்று ஏக்கர்க்காரருக்கு நாம் கூறிய விடை இதுதான். மூன்றையும் ஒரே ஆண்டில் சாய்க்கவேண்டாம். பால் மிகக் குறைந்த பகுதியை முதலில் எடுங்கள், எஞ்சியதை வெட்டிக்கொண்டிருங்கள். அவ்வாறு பகுதி பகுதியாகச் செய்ய விதி இடந்தருகிறதா என்று மாவட்ட ரிஸ்டா அலுவலகத்தில் முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள். செல்லும்பொழுது பட்டாவையும் அடையாள அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். பட்டா இன்னும் தந்தையார் பெயரில் இருந்தால் நில அலுவலகத்தில் பெயர் மாற்றத்தை முதலில் தொடங்குங்கள்.

அவர் பட்டா தம் தந்தையார் பெயரில்தான் இருக்கிறது என்றார். தந்தையார் காலமாகிப் பதினோர் ஆண்டுகள் ஆகிவிட்டனவாம்.