சோபா, கம்பளம் சுத்தம் செய்யும் தொழில்: பயிற்சியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

மளிகைக் கடையை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்திய காலம் மாறி வருகிறது. பெரிய அங்காடிகளும் செல்போன் வழி விற்பனையும் நம் வாடிக்கையாளர்களில் ஒரு பகுதியினரை இழுத்துக்கொண்டன. கடையை விடாமல் கூடவே ஒரு துணைத் தொழில் செய்யலாமா என்று யோசிக்கும் வணிகர்களும், படிப்பு முடித்த பிள்ளைக்கு வழி தேடும் பெற்றோரும் நம்மிடையே பலர் உண்டு. அவர்கள் கவனத்துக்கு வரும் தொழில்களில் ஒன்று, சோபா, கம்பளம், வாகன இருக்கை ஆகியவற்றைச் சுத்தம் செய்து கொடுப்பது.

இதில் சரக்குத் தேக்கம் இல்லை. எலி, பூச்சித் தொல்லை இல்லை. தனியாகக் கடை பிடிக்க வேண்டியதும் இல்லை. ஆனால் கைப்பழக்கம் இல்லாமல் இறங்கினால் ஒரே வேலையில் பெயர் கெட்டுவிடும். வாடிக்கையாளரின் நாற்பதாயிரம் ரூபாய் சோபாவில் சாயம் இறங்கிவிட்டால் பத்து நாள் சம்பாத்தியம் ஈடாகாது. ஆகவே முதல் கேள்வி, எங்கே, யாரிடம் கற்பது என்பதே.

நம் பக்கத்தில் என்ன வேலை?

பயிற்சிக்குப் பணம் கட்டுமுன் யாருக்கு வேலை செய்யப் போகிறோம் என்று முடிவு செய்ய வேண்டும். சேலம் நகரில் திருமண மண்டபங்கள், ஓட்டல்கள், மருத்துவமனைகள் இருக்கின்றன. ஏற்காட்டில் தங்கும் விடுதிகள். 1997-இல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான நாமக்கல்லில் லாரிகள். திருச்செங்கோட்டில் ரிக் வண்டிகள். லாரி கேபின் இருக்கையில் இருப்பது வியர்வை, புழுதி, டீசல், கிரீஸ். மண்டபத்து விரிப்பில் இருப்பது சாம்பாரும் குங்குமமும். இரண்டுக்கும் மருந்து வேறு. வேலை முறையும் வேறு.

பக்கத்திலேயே பவானி இருக்கிறது. 2005-06-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற பவானி ஜமக்காளம் நம் வீடுகளில் சாதாரணப் பொருள். கெட்டிச் சாய நூலில் நெய்த அதைத் தெரியாத கையால் சோப்பு நீரில் ஊறப்போட்டால், சிவப்புப் பட்டையின் சாயம் அடுத்த பட்டையில் ஏறிவிடலாம்.

பயிற்சியில் கட்டாயம் இருக்க வேண்டியவை

முதலாவது, நூலை இனம் காண்பது. மறைவான தையலிலிருந்து ஒரு நூலை எடுத்து வெளியில் வைத்துக் கொளுத்திப் பார்ப்பது பழைய முறை. பருத்தியும் ரேயானும் காகிதம் எரியும் வாசனை தரும். கம்பளியும் பட்டும் மயிர் கருகும் நாற்றம் தரும். நைலான், பாலியெஸ்டர் போன்றவை உருகி மணிபோல் இறுகும். கம்பளிக்கும் பட்டுக்கும் காரம் அதிகமான சோப்பு ஆகாது; பிளீச்சிங் பவுடர் அவற்றை அரித்தே விடும். ரேயான் நனைந்தால் வலுவிழக்கும்.

இரண்டாவது, சாயச் சோதனை. கண்ணில் படாத மூலையில் மருந்தைத் தடவி, வெள்ளைத் துணியால் ஒற்றிப் பார்க்காமல் வேலையைத் தொடங்கக் கூடாது.

மூன்றாவது, உலர்ந்த புழுதியை முதலில் உறிஞ்சி எடுப்பது. இதைச் செய்யாமல் தண்ணீர் ஊற்றினால் புழுதி சேறாகி உள்ளே இறங்கும்.

நான்காவது, தண்ணீரும் காய்ச்சலும். நம் ஊர் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் உப்பு நீர்தான். அதில் சோப்பு சரியாக நுரைக்காது. காய்ந்தபின் துணி விறைத்து வெள்ளை படியும். குஷனுக்குள் ஈரம் தங்கி ஒரு நாளுக்கு மேல் காயாவிட்டால் நாற்றமும் பூஞ்சையும் வரும். ஏற்காட்டின் பனிமூட்டத்தில் இன்னும் கவனம் தேவை.

ஐந்தாவது, பாதுகாப்பு. நம் கடைகளில் பிளீச்சிங் பவுடரும் கழிப்பறை ஆசிட்டும் பக்கத்துப் பக்கத்தில் விற்கின்றன. இரண்டும் கலந்தால் குளோரின் விஷவாயு கிளம்பும். மூடிய அறையில் உயிருக்கே ஆபத்து. இதைச் சொல்லித்தராத ஆசிரியரிடம் மற்றதைக் கற்கவே வேண்டாம்.

எங்கே கற்கலாம்?

செலவில்லாத வழி, ஏற்கெனவே இத்தொழில் செய்பவரிடம் அல்லது பெரிய ஓட்டலின் ஹவுஸ்கீப்பிங் பிரிவில் இரண்டு மூன்று மாதம் கைவேலைக்குச் சேர்வது. கூலி குறைவாக இருந்தாலும் பத்து வகைத் துணியைக் கையால் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு கிடைக்கும். முறையான படிப்பு வேண்டுமானால், திருச்சி துவாக்குடியில் உள்ள மாநில ஓட்டல் நிர்வாகக் கல்வி நிலையத்தில் ஹவுஸ்கீப்பிங் பாடம் உண்டு.

கணக்கு, விலை நிர்ணயம், வங்கிக் கடன் பற்றி அறிய, வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள் உதவும். 1982-இல் கர்நாடகத்தின் உஜிரேயில் தர்மஸ்தலா அறக்கட்டளையும் இரண்டு வங்கிகளும் சேர்ந்து தொடங்கிய நிலையமே இவற்றுக்கு முன்மாதிரி. பயிற்சி இலவசம். மானியக் கடன் பற்றி மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கலாம்.

வெளிநாட்டில் இத்தொழிலுக்குத் தனி அமைப்புகளே உண்டு. அமெரிக்காவில் 1972-இல் தோன்றிய ஐ.ஐ.சி.ஆர்.சி. என்ற அமைப்பு, கம்பளத்துக்கும் சோபாத் துணிக்கும் தனித்தனியே தொடக்கப் பயிற்சியும் தேர்வும் வைத்திருக்கிறது. ஒவ்வொன்றும் இரண்டு நாள். கம்பளம் கற்றவருக்குச் சோபா தானாக வந்துவிடாது என்பதே இதில் நமக்குள்ள பாடம். ஆகவே "ஒரே நாளில் எல்லாம் கற்றுத் தருகிறோம்" என்பவரிடம் எச்சரிக்கை தேவை.

பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

இயந்திரம், மருந்து, பயிற்சி, "ஏரியா உரிமை" எல்லாம் சேர்த்து ஒரே தொகைக்குத் தருவதாக விளம்பரங்கள் வரும். அவர்களிடம் இவற்றைக் கேளுங்கள்:

- வகுப்பில் எத்தனை பேர்? என் கையால் எத்தனை சோபா செய்வேன்?
- மருந்தை உங்களிடம்தான் வாங்க வேண்டுமா? உதிரி பாகம் சேலத்திலோ கோவையிலோ கிடைக்குமா?
- முன்பு பயின்றவர் இருவரை நேரில் பார்க்கலாமா?
- பாதியில் விட்டால் பணம் திரும்புமா? எழுதித் தருவீர்களா?

மழுப்பினால் எழுந்து வந்துவிடுவதே நல்லது.

ஒரு சிறு கணக்கு

உதாரணத்துக்கு, பயிற்சியும் இயந்திரமும் சேர்த்து 1,50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கூலி, மருந்து, பெட்ரோல் போக ஒரு சோபாவில் 600 ரூபாய் நின்றால், 250 சோபா செய்தால்தான் முதல் திரும்பும். வாரம் ஐந்து வேலை கிடைத்தால் 50 வாரம். வாரம் இரண்டுதான் என்றால் இரண்டரை வருடம் ஆகிவிடும். அதனால் முதலில் நல்ல உறிஞ்சும் இயந்திரம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, சொந்த வீட்டிலும் உறவினர் வீட்டிலும் இருபது உருப்படி செய்து பார்த்துவிட்டு, பெரிய இயந்திரம் பற்றி யோசிக்கலாம். மொத்த வரவு ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டினால் சேவைக்கு ஜி.எஸ்.டி. பதிவு தேவைப்படும். ஏற்கெனவே கடைக்குப் பதிவு வைத்திருப்போர், அதே பெயரில் இதையும் நடத்துவதானால் தம் கணக்கரைக் கலந்துகொள்ள வேண்டும்.

ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது என்பது நம் பெரியோர் வாக்கு. சரக்கை முகர்ந்து, அள்ளி, எடை போட்டுப் பார்த்து வாங்குபவர்கள் நாம். பயிற்சியையும் அப்படியே பார்த்து வாங்கினால் நஷ்டமில்லை.